ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிய வீடு

ஊர் உலகத்துக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். பாலக்கோட்டில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினெட்டு வருஷமாக இதே தொழில்தான். நரம்பே தெரியாத கையை நீட்டினாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அப்படிப்பட்டவள் சொந்த ரத்தத்தை என்றைக்குமே பார்த்ததில்லை. போன வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள், பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, லேப் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். "மொதல்ல உங்க கைய நீட்டுங்க சிஸ்டர்" என்றார். நீட்டுவதற்கு எதிரே யார் இருக்கிறார்கள்? நானே என் இடது கையில் பட்டையைக் கட்டி, நானே குத்தி, நானே மெஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் வைத்தேன், மறுபடியும் ஏழுதான்.

டாக்டரம்மா என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"கம்பைநல்லூர்ப் பக்கங்க."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழம லீவுங்க."

"எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"மூணேகால்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திர தர்றேன். ஆனா மாத்திரையால மட்டும் இது ஏறாது. ஒண்ணு வேலைய விடுங்க, இல்ல வேலைக்குப் பக்கத்துல குடி வாங்க. இப்படியே போனா ஒருநாள் பஸ்லயே விழுந்துடுவீங்க" என்றார்.

அவர் சொன்னது சும்மா பயமுறுத்தல் இல்லை என்று எனக்கும் தெரியும். எங்கள் வீடு கம்பைநல்லூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் நிலத்திலேயே இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், மூன்று கறவை மாடு, நானும் அவரும். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மூணேகாலுக்கு எழுந்தால் நேராக அடுப்பு. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, எனக்கு டிபன் டப்பா, அவருக்கு மூடி வைப்பது, வாசல் கூட்டுவது, குளிப்பது. நாலே முக்காலுக்குக் கையில் காபியோடு போய் அவரை எழுப்புவேன். அவர் அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மொபெட்டில் என்னைக் கொண்டுபோய் ஐந்து பத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பிப் போய்ப் பால் கறப்பார். நான் தர்மபுரியில் இறங்கி, பஸ் மாறி, பாலக்கோட்டில் கால் வைக்கும்போது ஏழேகால் ஆகிவிடும். சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பினால் வீடு சேர ஏழு. பஸ் சரியாக அமையாத நாளில் எட்டு. அதற்கப்புறம் ராத்திரிச் சமையல், பாத்திரம், துணி. அவர் குறட்டை விட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் பாயை விரிப்பேன்.

நடுவில் சாப்பிடுவது எங்கே என்று கேட்பீர்கள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. பதினொரு மணிக்குக் கூட்டம் குறைந்தால் டப்பாவைத் திறப்பேன், குறையாவிட்டால் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெபமாலையை எடுப்பேன். மாதா மன்னிக்க வேண்டும், இரண்டு வருஷமாக நான் ஜெபமாலையின் ஐந்து தேவ ரகசியத்தில் இரண்டாவதைத் தாண்டியதே இல்லை. அதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவேன். தர்மபுரி வந்ததும் கண்டக்டர் கம்பியில் தட்டி எழுப்புவார்.

இவ்வளவு கஷ்டத்துக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் போனால் என்ன என்று தோன்றும். அதுதான் முடியாது. எங்கள் லேபுக்குக் காலையில் வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருகிற சர்க்கரைக்காரர்கள். ஒருநாள் பஸ் பஞ்சராகி நான் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மலையோரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றித் தெளியவைத்தோம். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பஸ்ஸு லேட்டாம்மா, பாவம்" என்றார். அன்றைக்கு முழுக்க என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வேலையை விடுவதைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. முன்பு கம்பைநல்லூரிலேயே ஒரு லேபில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு ஐந்து மாதம் வீட்டில் இருந்தபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மாட்டோடும் அவரோடும் மாறி மாறிச் சண்டை போட்டேன், மாடாவது கொஞ்சம் திருப்பிக் கத்தியது. அதனால் டாக்டரம்மா சொன்ன இரண்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாலக்கோட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருப்பது, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திங்கள் விடியலில் போவது. அவர் கூட வர முடியாது. மாட்டுக்கு லீவு கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, மொபெட்டை ஓட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "அங்கயே வூடு பாத்துக்க. ஒடம்பு முக்கியம்."

எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை இவ்வளவு சுலபமாக அனுப்பிவிடுவதா? வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

வீடு தேடுவது ஒரு தனிப் பாடு. ஒருத்தர் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் தருவோம் என்றார். ஆகிவிட்டது என்றால், வீட்டுக்காரர் கூட இருந்தால்தான் என்றார். கடைசியில் லேபுக்குப் பின்தெருவில், நடந்தால் ஐந்தே நிமிஷத்தில், ஒரு வீடு அமைந்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் குளியலறை. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அறுபது வயது இருக்கும், குரல் மட்டும் கணீரென்று முப்பதில் நின்றுவிட்டது.

"கறி மீனு ஆக்குவியா?" என்று கேட்டார்.

"நாங்க கிறிஸ்டியனுங்க. ஞாயித்துக்கிழம ஊருக்குப் போயிடுவனுங்க. கறியெல்லாம் அங்கதான்."

"சரி. அப்ப ஆனி முடியறதுக்குள்ள பாலக் காச்சிப் போடு. இன்னும் ஆறே நாளு இருக்குது. ஆடியில சாமான் செட்டு எதுவும் ஏத்தக் கூடாது. ஆவணி பொறந்ததும் வந்து குடியிரு."

"ஆடியெல்லாம் எங்களுக்குக் கெடையாதுங்கம்மா" என்றேன். எனக்கு மறுநாளே வந்து படுத்துவிட வேண்டும் போல இருந்தது.

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம். என் வூட்டுக்கு உண்டு" என்றார்.

உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்திலும் ஆடியில் யாரும் கல்யாணம் பேசியதில்லை, வீடு மாறியதில்லை. ஞானஸ்நானம் வாங்கியது நாங்கள்தான், எங்கள் காலண்டர் வாங்கவில்லை. ஆனியிலேயே பால் காய்ச்சிவிட்டால் வீடு நமக்கென்று ஆகிவிடும், சாமானைத்தான் ஒரு மாதம் கழித்து ஏற்ற வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் சரி என்றேன்.

ஆனியின் கடைசி முகூர்த்த நாளில் நானும் அவரும் போனோம். பால் எங்கள் மாட்டுப் பால், கேனில் எடுத்துப் போயிருந்தோம். வீட்டுக்காரம்மா அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் பக்கத்தில் மாதா படத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். எந்தப் பக்கம் பொங்கினால் நல்லது என்று அந்தம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் எல்லாப் பக்கமும் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அவர் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெறும் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது வீட்டுக்காரம்மா ஒரு குண்டைப் போட்டார். பால் காய்ச்சின அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஆள் படுக்க வேண்டுமாம். விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனால் ஆகாதாம். என் வீட்டுக்காரருக்குச் சாயங்காலப் பால் கறக்க வேண்டும், தங்கவே முடியாது. நான்தான் இருந்தேன். கடையில் ஒரு பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு வீட்டில் நான் தனியாக இருந்தேன். சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சமைக்க ஆள் இல்லை, கழுவப் பாத்திரம் இல்லை, விடிந்தால் ஐந்து நிமிஷ நடையில் வேலை. எட்டு மணிக்கு அவர் போன் செய்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"பரோட்டா வாங்கிக்கிட்டன். நீங்க?"

"பன்னு இருந்துச்சு" என்றார்.

"அரிசி இருக்குது, பருப்பு இருக்குது, காலையில வச்ச கொழம்பு இருக்குது. சோறு வடிக்கத் தெரியாதா?"

"தெரியாது" என்றார்.

ஏதோ நான்தான் தப்புச் செய்ததைப் போலப் போனை வைத்துவிட்டேன். விடிய விடியத் தூக்கம் இல்லை. மறுநாள் ஐந்தே நிமிஷத்தில் லேபுக்குப் போனேன், ஆனால் பஸ்ஸில் வருகிற நாளைவிடக் கேவலமாக இருந்தேன். முதல்முறையாக ஒரு பாட்டிக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாகிவிட்டது.

ஆடி பிறந்தது. முதல் வாரத்தில் ஒருநாள் விடியலில் சமையற்கட்டில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்து எழுந்து ஓடினால், இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசிப் பானைக்கு முன்னால் நின்றிருந்தார். மணி மூன்று.

"என்னா பண்றீங்க?"

"டிரெய்னிங்கு" என்றார். "ஆவணியில இருந்து நாந்தான ஆக்கித் திங்கணும். இந்த ஒரு மாசத்துல பழகிக்கறன். நீ போயி படு."

படுப்பதாவது. ஒரு படி அரிசிக்கு ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார். நான் கையை நீட்டிப் பானையை வாங்கப் போனேன். முழங்கையால் என்னைத் தடுத்துவிட்டார்.

"ஆவணியில நீ இங்க நிப்பியா? நிக்க மாட்ட. அப்பறம் என்னாத்துக்கு இப்ப நிக்கற? தள்ளு."

அன்றைக்குச் சோறு கூழாகிவிட்டது. ரசத்தில் உப்பு இல்லை. மறுநாள் உப்பு மட்டும்தான் இருந்தது. தர்மபுரி போய்ச் சேரும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை, வயிற்றெரிச்சலாக இருந்தது. வீணாகிற பருப்புக்காக இல்லை. இருபத்திரண்டு வருஷம் என் கையில் இருந்த இடத்தில் இன்னொரு ஆள் நின்று பாத்திரத்தை உருட்டுகிறார், நான் பாயில் கிடக்கிறேன். படுத்துக்கொண்டே, "அடுப்பக் கொறைங்க, அடிப்பிடிக்குது" என்று கத்துவேன். "தெரியும்" என்று பதில் வரும். தெரியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் மனுஷனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, எதையும் அளந்து செய்வார். மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் அளவுப்படி கலந்து பழகிய கை. அதே மாதிரி உப்புக்கு ஒரு கரண்டி, புளிக்கு ஓர் உருண்டை, மிளகாய்த் தூளுக்கு ஒரு மூடி என்று வகுத்துக்கொண்டார். பத்தே நாளில் சோறு ஒழுங்காக வந்தது. கேழ்வரகுக் களிதான் அவரைப் படாத பாடு படுத்தியது. கட்டி கட்டியாக வரும். பால் சொசைட்டியில் அவருடைய கூட்டாளிகள் கேலி செய்தார்களாம், "என்னாப்பா, பொண்டாட்டி ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே களி கிண்டற துடுப்பப் புடிச்சிட்டியா" என்று. "பால் கறக்கற கைதான, களி கிண்டாதா" என்று இவர் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவர் சமைக்க ஆரம்பித்த மூன்றாம் நாளா நான்காம் நாளா நினைவில்லை, கத்திக்கொண்டே படுத்திருந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது மணி நாலரை. அலறியடித்து எழுந்தால் டப்பா கட்டித் தயாராக இருந்தது. ஒரு தட்டில் சோறும் கீரைக் கடைசலும் போட்டு வைத்திருந்தார். "தின்னுட்டுக் கெளம்பு. நான் தின்னு பாத்தன், செத்துடல" என்றார். அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுப் பழக்கமே கிடையாது. இரண்டு வாய் அள்ளி வைத்த பிறகுதான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. தட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான் ஆயிற்று. பஸ்ஸில் ஐந்து தேவ ரகசியமும் முடித்துப் பிரார்த்தனையும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் ஒருநாள் பக்கத்தில் வந்து, "என்னக்கா, தூங்காம வர்றீங்க, ஒடம்பு செரியில்லையா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. பாலக்கோட்டுக்குள் நுழையும்போது தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்த நெரிசலிலும் எனக்குக் கோபம் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும்.

ஆடி பாதி தாண்டியதும் டாக்டரம்மா மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொன்னார். ஒன்பது தொட்டிருந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. பக்கத்துல குடி வந்ததும் எப்படி ஏறிடுச்சு" என்றார்.

"இன்னும் வரலீங்க டாக்டர். ஆடி முடியணும்" என்றேன்.

அவர் ரிப்போர்ட்டை இன்னொரு தரம் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தூரம் ஒரு அடிகூடக் குறையவில்லை. அதே ஐந்து பத்து பஸ், அதே இரண்டு மணி நேரம், அதே குண்டும் குழியும். என்னிடம் குறைந்திருந்தது வேறு. மாத்திரையோடு சேர வேண்டிய ஒன்றேகால் மணி நேரத் தூக்கமும் ஒரு தட்டுச் சோறும்தான் எனக்கு இல்லாமல் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டாக்டரும் ஒரு வாடகை வீடும் தேவைப்பட்டன என்று நினைத்தபோது என்மேலேயே ஆத்திரம் வந்தது. கூடவே தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியது. போக வேண்டாம். அந்த வெறும் அறையில் போய்ப் படுக்க வேண்டாம்.

அன்றைக்கே மதியம் வீட்டுக்காரம்மாவிடம் போய், வீடு வேண்டாம் என்றேன். "பால் காச்சுன வூட்ட வேணாங்கறது நல்லால்லம்மா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் அடுப்படிக்கு வந்ததே நான் ஆவணியில் போய்விடுவேன் என்றுதான். போகவில்லை என்று தெரிந்தால்? "அப்பாடா" என்று துடுப்பைக் கீழே போட்டுவிட்டுப் பழையபடி நாலே முக்கால் காபிக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டால்? நான் மறுபடியும் மூணேகாலுக்கு எழ வேண்டும். ரத்தம் மறுபடியும் ஏழுக்கு இறங்கும். அப்போது நிஜமாகவே வீடு பார்த்துப் போக வேண்டி வரும். வீட்டில் இருக்க வேண்டுமானால் போகப்போகிறவளாக நடிக்க வேண்டும். கர்த்தரே, இது என்ன பிழைப்பு என்று பஸ்ஸில் உட்கார்ந்து நொந்துகொண்டேன். நடிப்பென்றால் சாதாரண நடிப்பா? ஒரு பழைய டிரங்குப் பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்தேன்.

ஆவணி பிறந்து பத்து நாள் ஆயிற்று. சொந்தக்காரர்கள் எப்போது போகிறாய் என்று கேட்டார்கள். அவர், "அவ எப்ப சொல்றாளோ அப்ப" என்று சொல்லி முடித்துக்கொண்டார். சாமான் ஏற்ற வண்டி பேசவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. விடிந்தால் அடுப்பு எரியும், தட்டில் சோறு இருக்கும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டே தின்றுவிட்டுக் கிளம்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதைப் பாவம் என்று சொல்வதா வேண்டாமா என்றே தெரியாமல் முழுக் கதையையும் கொட்டினேன், களி கட்டி விழுந்தது உள்பட. திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. "போயி அவருகிட்ட சொல்லிடும்மா. அதுதான் உனக்கு அபராதம்" என்றார். பத்து அருள்நிறை மந்திரம் கொடுத்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கறி வாங்கி வந்திருந்தோம். அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் பாலக்கோட்டுக்குப் போவலீங்க" என்றேன். "வூட்டச் சாவியோட திருப்பிக் குடுத்துட்டன். குடுத்து ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"அந்தம்மா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி ஒரு பாடு திட்டுச்சு. பால் காச்சுன வூட்ட வேணாங்கறாளே, உன் பொண்டாட்டிக்கு என்னா வந்துச்சுன்னு."

அன்றைக்கே என்றால், கிட்டத்தட்ட ஒரு மாதம். ஒரு மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டு இந்த மனுஷன் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார். நான் பெட்டி துடைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நான் போவலன்னு தெரிஞ்சும் என்னாத்துக்கு ஆக்கிக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவர் தலையை நிமிர்த்தாமல் வெங்காயத்தை உரித்தார்.

"நீ தூங்கிக்கிட்டிருந்த" என்றார். "கல்யாணம் ஆயி இத்தன வருஷத்துல நீ தூங்கி நான் பாத்ததில்ல. படுக்கறப்பவும் முழிச்சிருப்ப, எந்திரிக்கறப்பவும் முழிச்சிருப்ப. இப்பத்தான் பாத்தன். தூக்கத்துல பல்லக் கடிக்கற, தெரியுமா உனக்கு? நறநறன்னு. அடுப்படி வரைக்கும் கேக்கும். ஆடி கடைசியிலதான் அது நின்னுச்சு. நின்னதுக்கப்பறம் எழுப்ப மனசு வரல."

யோசித்துப் பார்த்தேன். வேளாங்கண்ணிக்குப் போன ராத்திரி பஸ்ஸில்கூட அவர்தான் என் தோளில் சாய்ந்து தூங்கினார், மகள் மடியில் தூங்கினாள், நான் பைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது உண்மைதான். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தால் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சங்கடப்பட்டு, உரித்ததையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போயி செத்த நேரம் படு" என்றார் கடைசியில். "கொழம்பு ஆனதும் கூப்பிடறன்."

பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி. ஒரு வாரத் துணி துவைக்கக் கிடந்தது. வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் நான் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். அவர் வந்து கூப்பிடும்வரை தூங்கினேன்.